பேசிக் குறைத்த மூவாயிரம்

1

இந்தக் கதை ஓர் ஆளைத் திட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஆள் கடேசன் மாஸ்டர். நன்னிலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், அல்லது கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார். (பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுதத்தான் கை துறுதுறுக்கிறது.)

முதல் தொடக்கம்: "பனி விலகாத காலையில், முடிகொண்டான் ஆற்றுப் பாலத்தின்மேல் ஒரு வெள்ளைக் கார் மெல்ல—"

வேண்டாம். பனி, ஆறு, பாலம் என்று ஆரம்பித்தால் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். நான் இருக்கும் எரிச்சலில் யாரும் சாய்ந்து உட்காருவதை என்னால் பார்க்க முடியாது.

இரண்டாவது தொடக்கம்: "பூவிழிக்கு ஒரு வேலை கிடைப்பதாக இருந்தது." இது தேவலை. இப்படியே போகிறேன்.

2

பூவிழிக்கு ஒரு வேலை கிடைப்பதாக இருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது, வேளாண்மை டிப்ளமா படித்தவள். குத்தாலத்தில் நடவு இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மாதம் இருபத்திரண்டாயிரம். அவளுடைய அப்பா வீரையன் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். மகள் கம்பெனிக் காரில் வயல் வயலாகப் போய் மேற்பார்வை செய்யப்போகிறாள் என்று அவர் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: காரைத் தானே ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. இரண்டு இடத்தில் விசாரித்தாள். திருவாரூரில் கவிப்ரியா என்று ஒரு பெண் கற்றுக்கொடுக்கிறாள், ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கடேசன் மாஸ்டர் எட்டாயிரம். கவிப்ரியா போனில் சொன்னது பூவிழிக்குப் பிடித்திருந்தது.

"மொத நாலு நாள் வண்டி நின்னு நின்னுதாங்க போகும். பின்னாடி ஹாரன் அடிப்பாங்க, திட்டுவாங்க. நான் குறுக்க வரமாட்டேன். நீங்களேதான் எடுக்கணும்."

ஆனால் வீட்டில் அண்ணன் இருந்தானே. "திருவாரூர் வரைக்கும் எதுக்குப் போற? தெரிஞ்ச ஆளா இருந்தா நமக்கும் நிம்மதி. நான் பேசுறேன், விடு" என்றான். கடேசன் மாஸ்டரைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எட்டாயிரம் ஐயாயிரமாகியிருந்தது! பூவிழிக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சமான பணத்தில் அண்ணனுக்குத் தொள்ளாயிரம் ரூபாயில் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

(அண்ணனுக்குப் பெயர் வைக்கவில்லை. கதைக்கு அவன் அவ்வளவு முக்கியமில்லை.)

3

இருபது நாள், தினம் அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் மாஸ்டரின் சொந்த வேலைக்குப் போகும். ஒருநாள் யூரியா மூட்டை ஏற்றினார்கள், ஒருநாள் கேஸ் சிலிண்டர். போன் பேசிக்கொண்டேதான் பாடம். பூவிழி பொறுத்துக்கொண்டாள். ஏனென்றால் அவள் பிரமாதமாக ஓட்டினாள். இருபது நாளில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.* பஸ் எதிரே வந்தால் தானாக வேகம் குறைந்தது. வளைவில் குலுங்காமல் திரும்பியது.

"கை நல்லா பேசுதும்மா ஒனக்கு" என்றார் மாஸ்டர்.

டெஸ்ட்டும் அதே காரில்தான், பக்கத்து சீட்டில் மாஸ்டரேதான். லைசன்ஸும் வந்தது. போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

* பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். ஆபத்துக்காக வைத்தது. கடேசன் மாஸ்டர் அவற்றிலிருந்து காலை எடுத்ததே இல்லை. பூவிழி கையில் ஸ்டீயரிங். மற்றதெல்லாம் மாஸ்டரின் கால். இது அவளுக்குத் தெரியாது. பக்கத்து சீட்டின் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டா கார் ஓட்டுவார்கள்?

4

குத்தாலத்தில் கம்பெனி மேனேஜர் ஷைலஜா சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குறுவை அறுப்பு நேரம். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்தது.

வண்டி நின்றது. ஸ்டார்ட் செய்தாள், மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது. பூவிழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபது நாள் சொன்னபடி கேட்ட வண்டி இன்று ஏன் இப்படி? நான்காவது தடவை பதற்றத்தில் மிதித்தாள். கார் துள்ளி நெல்லுக்குள் ஏறி, அதைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்த நீலாம்பாள் என்ற பெண்ணுக்கு இரண்டு முழம் முன்னால் போய் நின்றது.

"கண்ணு அவிஞ்சா போச்சு? நெல்லுதான் போச்சுன்னா ஆளு மேலயும்ல ஏத்தப் பாக்குற!"

பூவிழி இறங்கினாள். சக்கரத்தடியில் சிதறிய நெல்லைக் கையால் அள்ளி அள்ளிக் குவித்தாள். நீலாம்பாளின் காலில் விழாத குறை. ஷைலஜா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"லைசன்ஸ் எப்படிங்க வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

(இந்த இடத்தில் "பூவிழி தேம்பி அழுதாள்" என்று எழுதி அடித்திருக்கிறேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.)

வேலை வேறொருவருக்குப் போயிற்று.

5

பஸ் பிடித்து நேராகக் கடேசன் மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள். இந்தக் காட்சிக்காகத்தான் நான் கதையையே ஆரம்பித்தேன். அவர் வெலவெலத்துப்போக வேண்டும், கூட்டம் கூட வேண்டும் என்றெல்லாம் திட்டம் இருந்தது.

அவர் வெலவெலக்கவில்லை.

"மாஸ்டர், எனக்கு வண்டி ஓட்டத் தெரியல. இருபது நாளா என்ன கத்துக்குடுத்தீங்க?"

"லைசன்ஸ் வந்துச்சுல்ல?"

"லைசன்ஸ் வந்துச்சு. வேலை போயிடுச்சு. ஒரு பொம்பளை மேல ஏத்தியிருப்பேன் இன்னைக்கு!"

"அதுக்கு என்னைக் கேட்டா? ஒங்க அண்ணனைக் கேளும்மா. 'தங்கச்சி ஓட்டப்போறதில்ல மாஸ்டர், லைசன்ஸ் மட்டும் வந்தா போதும். ஸ்டீயரிங்க குடுங்க, மத்ததை நீங்க பாத்துக்குங்க. கத்துக்குடுக்குறதுக்கு உண்டான மூவாயிரத்தைக் கொறைச்சுக்குங்க'ன்னாரு. நான் கொறைச்சுக்கிட்டேன். அவரு கேட்டதைக் குடுத்தேன். இதுல நான் என்ன ஏமாத்துனேன்?"

கவிப்ரியா கேட்ட ஒன்பதாயிரத்து ஐந்நூறு அன்றைக்கே பூவிழியிடம் இருந்தது. முழுசாக இருந்தது. அவள் பணம்.

6

அந்த அண்ணனின் பெயர் அன்பரசன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் கல்வி பற்றி ஆண்டு விழாவில் அரைமணி நேரம் பேசுவான், கதையும் எழுதுவான். இதோ, இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? "அவளுக்கு அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில்—"

பொய். அடிபடாமலிருக்க வேண்டுமென்றால் நன்றாகக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருப்பேன். கல்யாணமாகிப் போகிற பெண் குத்தாலம் வயலெல்லாம் கார் ஓட்டிக்கொண்டா திரியப்போகிறாள் என்று நினைத்தேன். வேலை ஆறு மாதக் கூத்து என்று நினைத்தேன். வரன் பார்க்கக் கொடுக்கும் பயோடேட்டாவில் "கார் லைசன்ஸ் உண்டு" என்று ஒரு வரி சேர்ந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் நினைத்தேன்.

ஐந்து பகுதி வரைக்கும் கடேசனைத் திட்டி எழுதிவிட்டேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

7

முடிவு அ: பூவிழி அண்ணனைக் கோபித்துக்கொள்கிறாள், பொங்கலுக்குள் சமாதானமாகிறாள். குடும்பப் பத்திரிகைக்கு ஏற்றது.

முடிவு ஆ: திருவாரூர் போய்க் கவிப்ரியாவிடம் கற்று, ஒருநாள் அதே நீலாம்பாளைக் காரில் ஏற்றிக்கொண்டு—

முடிவு இ: அண்ணன் ஷைலஜாவிடம் போய் உண்மையைச் சொல்கிறான். (போனேன். உண்மையாகவே போனேன். "அவங்க ஏன் வரல? நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.)

மூன்றையும் நேற்றுச் சாயங்காலம் பூவிழியிடம் படிக்கக் கொடுத்தேன். பதினெட்டு நாளாக என்னிடம் பேசாதவள், நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். "இதுல எதுலயாவது அந்த வேலை எனக்குத் திரும்பக் கெடைக்குதா?"

நான் தாள்களைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"நீ அழுவுற மாதிரி ஒரு முடிவு எழுதி, படிக்கிறவங்க 'பாவம் அண்ணன்'னு சொல்லணும். அதானே? எனக்கு எது போதும்னு அன்னைக்கு நீ முடிவு பண்ண. இன்னைக்கு நான் எப்ப மன்னிக்கணும்னும் நீயே முடிவு பண்ணுறியா? நான் மன்னிக்கல. அப்படியே எழுது."

எழுதிவிட்டேன்.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு முடிவு வேண்டுமானால் உங்கள் வீட்டிலேயே தேடுங்கள். உங்கள் தங்கைக்காகவோ மனைவிக்காகவோ மகளுக்காகவோ, அவளைக் கேட்காமல் நீங்களும் எதையாவது குறைத்துப் பேசியிருப்பீர்கள். அதை இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள். சொன்னதும் அவள் உங்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வையை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதை எழுதத் தைரியமில்லை.