கனடாவை ஆளப்போகும் அக்கா

ஜெயத்துக்கு விசா கிடையாது என்று கனடாக்காரன் சொன்னதில் கனடாக்காரன் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் அவள் கூடப்பிறந்த சின்னதுரை பண்ணிய வேலை. ஒலக்கூர் கூட்ரோட்டில் அவன் கட்டின பேனர் பண்ணிய வேலை.

விஷயம் என்னவோ ரொம்பச் சாதாரணம்தான். மகள் கலைமதி கனடாவில் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம், தாய் வீட்டில் நடக்க வேண்டியது. ஆனால் அவளும் புருஷனும் அங்கே ஒரு குடோனில் பெட்டி அடுக்கிச் சம்பாதிப்பது வாடகைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது. ஊருக்கு வந்து பெற்றுக்கொண்டு போக வழியில்லை. மாப்பிள்ளை லீவு போட்டால் வேலை போய்விடும். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஊரில் ஆள் கூலிக்கு இவர்கள் சம்பளம் மொத்தத்தையும் கொடுத்தாலும் பத்தாது. எப்படியாச்சும் வந்துடும்மா, தனியா பெத்துக்கப் பயமா இருக்குது என்று அவள் போனில் அழுத நாளிலிருந்து ஜெயத்துக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பசுமாட்டையும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிற கொஞ்சம் கொல்லையையும் வைத்து ஒண்டியாக வளர்த்த ஒரே பெண்ணாயிற்றே.

திண்டிவனத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஆரோக்கியசெல்வி, ஜெயத்தின் பேங்க் புக்கைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டாள். பாவம், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பணம் கம்மியா இருக்கறது குத்தம் இல்லம்மா, ஆனா போனா திரும்பி வருவீங்கன்னு அவனுக்கு நம்பிக்கை வரணும் என்றாள். நிலம், மாடு, சொந்தபந்தம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும், போட்டோ வேண்டும். தமிழில் எது இருந்தாலும் இங்கிலீஷில் மாற்றி முத்திரை குத்திக் கொண்டுவர வேண்டும். இந்தப் பொறுப்பைத்தான் ஜெயம் தம்பியிடம் விட்டாள். அவள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சின்னதுரைக்கு ஐம்பது வயசாகிறது. கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. ஒரு தடவை வார்டு தேர்தலில் நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்ததிலிருந்து அவன் பேச்செல்லாம் பேனர் பேச்சு. ஊரில் காது குத்தினாலும் பேனர் கட்டுவான், கருமாதி என்றாலும் கட்டுவான். காசு இல்லாத இடத்துல கெத்தக் காட்டணும்க்கா என்பது அவன் சித்தாந்தம். அப்படித்தான் விசாவுக்கு மனு போடுவதற்கு முன்னாலேயே கூட்ரோட்டில் லாரி அகலத்துக்கு ஒன்றைக் கட்டிவிட்டான். நடுவில் ஜெயத்தின் ஆதார் கார்டு போட்டோ, போலீஸ் பிடித்துக்கொண்டு போன திருடி மாதிரி. பக்கத்தில் ஒரு சிங்கம். மேலே ஏரோப்ளேன். கீழே கூலிங் கிளாஸோடு சின்னதுரை, காதில் போன். 'கனடாவை ஆளப்போகும் எங்கள் அக்காவே, இனி அந்த மண் உன் மண்' என்று கொட்டை எழுத்து.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சொந்தபந்தத்தை எல்லாம் அந்தப் பேனருக்குக் கீழே நிற்க வைத்துப் போட்டோ பிடித்து, ஆதாரக் கட்டில் முதல் தாளாக வைத்தான் மகராசன். தமிழ் எது இருந்தாலும் மாற்றச் சொன்னார்களே, அதனால் விழுப்புரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் நடராசனிடம் பேனரையும் கொடுத்தான். நடராசன் ஒரு புள்ளியை விடாத மனுஷன். கனடாவை ஆளப்போவதையும், இனி அந்த மண் இவள் மண் என்பதையும் சுத்தமான இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, முத்திரையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

விசாக் கெடு முடிந்ததும் நீங்கள் எங்கள் நாட்டை விட்டுக் கிளம்புவீர்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை என்று கனடாவிலிருந்து பதில் வந்தது. பின்னே தோன்றுமா? ஆரோக்கியசெல்வி தான் படிக்காமல் அனுப்பிய ஆதாரக் கட்டை அப்போதுதான் எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஜெயம் தம்பியைத் திட்டிய திட்டில் மாடு பால் சுரக்க மறந்துவிட்டது. எம் பொண்ணு அங்க ஒண்டியா வயித்தத் தள்ளிக்கினு கெடக்குது, உனக்கு இங்க சிங்கம் கேக்குதா என்று ஆரம்பித்து, இனிமே என் வூட்டுப் படி ஏறாதே என்பது வரைக்கும் போனாள். சின்னதுரை போய்ப் பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து மாட்டுக்கொட்டாய்க்கு மேலே ஒழுகாமல் இருக்கப் போட்டான். ராத்திரி சாப்பிட வரவில்லை.

பிரசவ நாள் நெருங்கிக்கொண்டு வந்தது. மறுபடி மனு போட வேண்டும். இந்தத் தடவை பொய்யும் வேண்டாம் கெத்தும் வேண்டாம், இருக்கிறதை இருக்கிறபடி போடலாம் என்றாள் ஆரோக்கியசெல்வி. டிக்கெட்டும் சோறும்தான் எங்களால் முடியும், அம்மா எங்களோடு அதே ரூமில் படுத்துக்கொள்வாள் என்று கலைமதி எழுதி அனுப்பியிருந்தாள். மாட்டுக்கும் கொல்லைக்கும் காகிதம் ஆயிற்று. இனி, இங்கே இருக்கிற நெருங்கின உறவு ஒருத்தர் இந்தம்மா ஏன் திரும்பி வரும் என்று சொல்ல வேண்டும், அப்படியே இங்கிலீஷில் அடித்துவிடுவேன் என்றாள் ஆரோக்கியசெல்வி. நெருங்கின உறவு என்றால் சின்னதுரைதான். வேறு வழியில்லாமல் டிராவல்ஸுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள் ஜெயம்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாசத்தின் சிகரமே என்று ஆரம்பித்தான். ஆரோக்கியசெல்வி கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அண்ணே, பேனர் வேணாம், சும்மா சொல்லுங்க என்றாள்.

சின்னதுரை சட்டையில் மாட்டியிருந்த கூலிங் கிளாஸைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"எனக்குன்னு வூடு வாசல் கெடையாதும்மா. மூணு வேளையும் அக்கா கையாலதான் சாப்புடுறேன். அது திட்டிச்சுன்னு நாலு நாளா போவல, வயித்துல ஒண்ணும் தங்கல." மூக்கை உறிஞ்சினான். "அது வராம இருந்துடுமோன்னு எனக்குப் பயம்தான். பயத்தக் காட்டிக்க வெக்கமா இருந்துது. அதான் பெருசா கட்டிட்டேன். பொங்கலுக்குள்ள எங்க அக்காவ அனுப்பிடச் சொல்லும்மா."

ஆரோக்கியசெல்வி அதை அப்படியே அடித்தாள். ஜெயம் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பாவி, இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறானா?  வீட்டுக்கு வந்ததும் கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

விசா வந்துவிட்டது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கலைமதி போனில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

கிளம்புகிற அன்றைக்குச் சின்னதுரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கூட்ரோடு வந்தது. ஜெயம் அண்ணாந்து பார்த்தாள். பேனர் கட்டியிருந்த ரெண்டு சவுக்குக் கழியும் மொட்டையாக நின்றன. கட்டினால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி வைத்தவள் அவள்தான். ஆனாலும் என்னவோ மாதிரி இருந்தது.

"இன்னாடா, நெஜமாவே ஒண்ணும் கட்டலியா?"

"போறதுக்கு எதுக்குக்கா," என்றான் அவன், விழுப்புரம் பக்கமிருந்து சென்னை பஸ் வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீ வரும்போது கட்டுறேன். கழி அப்பிடியே இருக்கட்டும்."

பஸ் வந்தது. ஜெயம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். வண்டி நகர்கிற நேரத்தில் தலையை வெளியே நீட்டி, ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"கட்டு. ஆனா அந்த ஆதார் போட்டோவ மட்டும் போட்டுத் தொலைக்காத. அங்கேர்ந்து பேரப்புள்ளையோட ஒண்ணு புடிச்சி அனுப்பறேன்."