எட்டும் எட்டும் நாலு

பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அந்த ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அவள் ஹால் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று பழையது. உள்ளே பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வேன் பிள்ளைகள் அதற்குக் குண்டு மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றது கைமாறி வந்த பெட்டி, பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு, வாங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவள் கணவன். வாரநாட்களில் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறான், மற்ற நாட்களில் டிரம்ஸ் அடிக்கிறான். உடைக்காமல் இருப்பதற்குச் சம்பளம், அடித்து நொறுக்குவதற்குக் கைதட்டல் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இசைக்குழு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றே பேர், மூவரும் ஒரே குடும்பம். டிரம்ஸுக்கு அவன், தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாருக்கு அவள். கீபோர்டும் பாட்டும் அவனுடைய அக்கா, அதாவது அவளுக்கு நாத்தனார். குழுவின் தலைவியும் நாத்தனார்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சூரியனை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

பேஸ் வாசிக்கிறவர்களின் தலையெழுத்தே தனி. பாட்டு நன்றாக இருந்தால் பாடியவருக்கு மாலை. வீட்டின் அஸ்திவாரத்தை யார் படம் பிடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள்? அதைப் பற்றி அவளுக்கு ஒன்பது வருடமாக வருத்தமில்லை. நாள் முழுக்க "ஆன்ட்டி, இவன் கிள்றான்", "ஆன்ட்டி, இவ என் பையை மிதிக்கிறா" என்று பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு, கத்தாமலே ஒரு கூடத்தை ஆட்டுவிக்கிற அந்த நாலு தடித்த கம்பிகள் போதுமாக இருந்தன. அது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

அதற்கும் போன மாதம் ஆபத்து வந்தது. ஒரு பெரிய ஹாலில் வாசித்தார்கள். யாரோ பின்வரிசையிலிருந்து எடுத்த வீடியோவை நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் வைத்து மூன்று தடவை ஓட்டினாள்.

"உன்னைப் படத்துல நல்லாத் தெரியுது. காதுலதான் விழ மாட்டேங்குது" என்றாள்.

"ஹால் பெருசு அண்ணி."

"ஹாலைச் சின்னதாக்க முடியுமா? இந்தா பாரு, பேஸ் நோட்டையெல்லாம் நான் இடது கையாலயே வாசிச்சுடுவேன். நீ டம்பரின் தட்டு, போதும். அடுத்த நிகழ்ச்சி அன்னைக்குக் காலையில ஹால்ல டெஸ்ட் பண்ணுவோம். அன்னைக்கும் கேக்கலைன்னா இனிமே பேஸ் வேணாம். சரியா?"

சரி என்றாள். வேறென்ன சொல்வது? வீடியோவில் நிஜமாகவே கேட்கவில்லை. ஆனால் அன்று படுத்த பிறகும் டம்பரின் என்ற வார்த்தை, அதன் சலங்கைத் தகடுகளைப் போலவே, அவளுக்குள் சிலுங் சிலுங் என்று ஆடிக்கொண்டே இருந்தது. விரல் இருக்கிறவளைப் பார்த்துக் கை தட்டச் சொன்னால் வலிக்காதா?

மறுநாளே அவள் கணக்கில் இறங்கினாள். பெட்டிக்கு மேலே உட்காரும் ஆம்ப்ளிஃபயருக்கு ஹெட் என்று பெயர். எந்த ஹெட்டுக்கு எந்தப் பெட்டி என்பதை ஓம் என்ற அளவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மின்சாரத்தைப் பெட்டி எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. அவளுடைய ஹெட் நாலு ஓமோடு சேர்ந்தால் முழுசாக ஐந்நூறு வாட் தரும். குண்டு மாமாவோ எட்டு ஓம். அதனால் இத்தனை நாளும் ஏறக்குறைய பாதிதான் வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய ஹாலுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பழைய ஸ்பீக்கர் விற்கிற கடைக்காரர் அவளைப் பார்த்ததும், வெகுநாளாக விற்காமல் கிடந்த ஒரு பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இதை எடுத்துட்டுப் போங்கம்மா. நாலு ஓம். பாதி விலை."

"வீட்ல எட்டு ஓம் இருக்கு. அதோட இது சேர்ந்தா ரெண்டே முக்கால்கூட வராது. என் ஹெட் நாலுக்குக் கீழ தாங்காதுங்க. புகைஞ்சு போயிடும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் புதிதாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எட்டு ஓம் பெட்டியை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் வயர் செருகும் ஜாக் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கென்ன, அவளே புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டாள்.

"எட்டும் எட்டும் பதினாறு இல்லையா?" என்று கணவன் கேட்டான்.

"ஸ்பீக்கர்ல நாலு."

"எந்த ஸ்கூல்ல படிச்சே?"

"வேன்ல ஒரு கதவு இருந்தா பிள்ளைங்க இறங்க எட்டு நிமிஷம். அதே மாதிரி இன்னொரு கதவு இருந்தா?"

"நாலு நிமிஷம்."

"அவ்ளோதாங்க. வழி ரெண்டாச்சுன்னா தடை பாதி."

மாடி வீட்டில் பச்சைக் குழந்தை. அதனால் வீட்டில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வழியில்லை. ஒவ்வொன்றாக, தணிவாக வைத்துக் கேட்டாள். இரண்டும் தனித்தனியே தங்கம். சேர்த்தால் ஹால் அதிரும் என்று ஆறு நாளும் வேன் ஓட்டும்போதே சிரித்துக்கொண்டாள்.

ஹாலில் சவுண்டுக்காரர் தன் மேஜைக்குப் பின்னால் காத்திருந்தார். நறுக்கென்று பேசுகிறவர். "எங்க ஸ்பீக்கரெல்லாம் பேச்சுக்கும் பாட்டுக்கும்தான். பேஸ் உங்க பெட்டியிலேருந்து வந்தாத்தான் உண்டு" என்றார். நாத்தனார் வயர் இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு ஹாலின் கடைசி வரிசைக்கே போய் உட்கார்ந்தாள். நியாயமாகத்தான் சோதிப்பாள், அதில் குறை சொல்ல முடியாது.

அவள் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஹெட்டை மேலே ஏற்றி, இரண்டு வயர்களையும் செருகினாள். கணவன் தாளத்தைப் பிடித்தான். அவள் தாழ்ந்த கம்பியை மீட்டினாள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிட்டது. கம்பியில் விரல் படுகிற டக் டக் ஓசை கேட்டது. அதன் அடியில் இருக்க வேண்டிய கனத்தைக் காணோம். வால்யூமைக் கூட்டினாள். டக் டக் பெரிதானதுதான் மிச்சம். பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினாள். ஒரு பெட்டி இருந்தபோது கேட்டதில் கால்வாசிகூட இல்லை.

கடைசி வரிசையிலிருந்து மைக்கில் நாத்தனாரின் குரல் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "பரவாயில்லம்மா. உன்னால முடிஞ்சதைச் செஞ்சு பாத்துட்டே. பெட்டியை ஓரமா வெச்சுடு" என்றாள். அந்தக் கனிவுதான் அவளைக் குத்தியது. நாத்தனார் மேடைக்கு வந்து கீபோர்டில் இடது கையை வைத்துத் தாழ்ந்த சுரங்களை ஓட்டிப் பார்த்தாள். சுமாராகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது.

கண்ணில் நீர் முட்டியதை யாரும் பார்க்கக் கூடாதென்று அவள் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தாள். கிட்டார் தோளிலேயே தொங்கியது. புதுப்பெட்டியின் வயரை உருவினாள். உருவிய வேகத்தில் முழங்கை கம்பியில் இடித்தது.

தும்ம்ம்.

மேடைப் பலகை காலுக்கடியில் அதிர்ந்தது. டிரம்ஸின் மீது வைத்திருந்த குச்சி உருண்டு விழுந்தது. மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வயரைத் திரும்பச் செருகிக் கம்பியை மீட்டினாள். டக். உருவிவிட்டு மீட்டினாள். தும்ம்ம். மறுபடி செருகினாள். டக்.

ஒன்றை எடுத்தால் கூடுகிறது, சேர்த்தால் குறைகிறது. இரண்டு பேர் வேலை செய்கிற இடத்தில் வேலை குறைந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ஒருவர் செய்வதை இன்னொருவர் கெடுக்கிறார் என்று அர்த்தம். குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்! இரண்டு வருடத்துக்கு முன் வேனில் பாட்டுப் பெட்டி மாட்டியபோது இப்படித்தான் பாட்டு சவசவ என்றிருந்தது. வேன் எலக்ட்ரீஷியன் ஒரு பேட்டரியை ஸ்பீக்கர் கம்பியில் தொட்டுக் காட்டினார். அது இப்போது பளிச்சென்று நினைவுக்கு வந்தது.

"அண்ணி, அந்த மைக்கைக் குடுங்க."

"எதுக்கு? நான் இப்போ டெஸ்ட் பண்ணப் போறேன். ஹலோ, ஹலோ, சார், எனக்கு எக்கோ கொஞ்சம்..."

அவள் மைக்கை வாங்கி, அடிமூடியைத் திருகி, சதுரப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் நாத்தனாரின் பேச்சு பாதியில் நின்றது அன்றுதான். கணவன் கீழே விழுந்த குச்சியைத் தேடுகிற சாக்கில் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"சார், கொஞ்சம் டார்ச் அடிங்க" என்று சவுண்டுக்காரரைக் கூப்பிட்டாள். குண்டு மாமாவின் வயரை ஹெட்டிலிருந்து உருவி, அதன் முனையில் பேட்டரியை ஒரு நொடி தொட்டாள். இரும்பு வலைக்குப் பின்னால் ஸ்பீக்கர் தாள் முன்னால் துள்ளியது. அடுத்து புதுப்பெட்டி. அதே பேட்டரி, அதே பக்கம். டொப். அதன் இரண்டு ஸ்பீக்கரும் உள்ளே போயின.

"அடடே" என்றார் சவுண்டுக்காரர்.

"இது காத்தைத் தள்ளுது. அதே நேரத்துல அது உள்ள இழுத்துக்குது. அப்புறம் எங்கேருந்து சத்தம் வரும்?"

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். "கடைக்காரன் ஏமாத்திட்டானா? நாளைக்கே போய் உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? ஜாக் மாற்றிய அன்று உள்ளே இருந்த கம்பி இரண்டும் கறுப்பு. எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றிவிட்டாள். எதை எங்கே செருகினால் என்ன, கரண்ட் போகத்தானே போகிறது என்று கைக்கு வந்தபடி செருகினாள். ஓம் கணக்கில் கடைக்காரருக்கே பாடம் சொன்ன மிதப்பு.

"இல்ல அண்ணி. கடைக்காரர் மேல தப்பில்ல. நான்தான் கம்பியை மாத்திச் செருகிட்டேன்."

நாத்தனார் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

வேனிலிருந்து திருப்புளி வந்தது. நாலு திருகு. ஜாக் தட்டு கையோடு வந்தது. இரண்டு கம்பிகளையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். மறுபடி பேட்டரி. டொப். இரண்டு ஸ்பீக்கரும் முன்னால் வந்தன. மொத்தம் ஐந்து நிமிட வேலை. ஒரு மாதத்து வேதனைக்கு ஐந்து நிமிடம் என்றால் யாரைக் குறை சொல்வது?

பேட்டரியை மைக்குக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு வயர்களையும் ஹெட்டில் செருகினாள். வால்யூமைப் பாதிக்குக் குறைத்தாள். பேஸ் குமிழை நடுவில் வைத்தாள். கணவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று குச்சியைத் தட்டினான்.

அவள் மீட்டினாள்.

அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. அது காலில் ஏறி, வயிற்றில் இறங்கியது. பதினைந்து அங்குலம் அடியில் விரிந்தது, பத்து அங்குலங்கள் அதன் மேல் விரலின் ஒவ்வொரு தொடுகையையும் எழுத்தெழுத்தாக எடுத்து நீட்டின. பின்சுவரில் ஜன்னல்கள் கடகடவென்றன. கடைசி வரிசைக்குப் போய் நின்ற சவுண்டுக்காரர் இரண்டு கட்டை விரலையும் உயர்த்தினார். கணவனுடைய கையில் என்றைக்கும் இல்லாத நிதானம் வந்தது. அவள் சிரித்தாள். கண்ணீர் வழிந்ததை இப்போது துடைக்கக்கூட இல்லை.

நாத்தனார் சேர்ந்துகொண்டாள். வலது கை வழக்கம்போல ஓடியது. இடது கை இரண்டு சுரம் தொட்டது. தொட்டதும் அவளுக்கே அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டிருக்க வேண்டும். கை தானாக எழும்பி மடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

பாட்டின் பாதியில் நாத்தனார் மைக்கில், "நிறுத்து" என்றாள்.

எல்லாம் நின்றது. கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தப் பாட்டுதான் எல்லா நிகழ்ச்சியிலும் முதல் பாட்டு. அதை ஒன்பது வருடமாக நாத்தனாரின் கீபோர்டு ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி வைக்கும். அதில் ஒரு சுரத்தைக் குறைக்கச் சொன்னாலும் மூன்று நாள் யாரோடும் பேச மாட்டாள்.

"இது சரியில்ல" என்றாள் நாத்தனார். "நான் ஆரம்பிக்கறது சரியில்ல. நாலு சுத்து அவ மட்டும் தனியா வாசிக்கட்டும். தம்பி, நீயும் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. சார், மேடையில லைட்டையும் அவ மேல போடுங்க."

"அண்ணி..."

"என்ன அண்ணி? சாயங்காலம் இப்படித்தான். ஆரம்பி."

அவள் ஆரம்பித்தாள்.