தனி டப்பா

உயில் எழுதியதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வக்கீல் பெண் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். மாத்திரைக்காரம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? மறுநாள் மத்தியானமே, உயிலில் யார் பேர் இருந்ததோ அவளிடமே போட்டு உடைத்துவிட்டாள்.

கணவர் வீட்டின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருந்ததால் அவளுக்குத் தெருவில் அந்தப் பேர். அவர் போய்ச் சேர்ந்தபின் மருந்துக்கடை மூக்குக்கண்ணாடிக் கடை ஆனது. மாடியில் அவள் தனி. பிள்ளை இல்லை. கொழுந்தனின் மகன் அடுத்த தெருவில் இருந்தான். அவன் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில்தான் வேலை, கல்லாவில். மத்தியானம் இரண்டு டப்பாவோடு மாடியேறி வருவாள். ஒன்று தனக்கு. மற்றது பெரியத்தைக்கு, ரத்தக்கொதிப்புக்காக உப்பையும் காரத்தையும் குறைத்துத் தனியாகச் சமைத்தது.

"உப்பே இல்ல," என்பாள் மாத்திரைக்காரம்மா, முதல் வாய் உள்ளே போனதும்.

"டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க," என்பாள் மருமகள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இந்த வழக்கு வருஷக்கணக்காகத் தீர்ப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

உயில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் எதிர் மாடிக்காரர். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், அவரும் துணையை இழந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்தார். தெருவுக்கு நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக மாத்திரைக்காரம்மாவும் போய்ப் பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம். கதவின் உள்பக்கம், தரையை ஒட்டி, நகத்தால் சுரண்டிய தடம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. ஒருநாள் நானும் அப்படித்தானோ என்ற நினைப்பு குளிக்கும்போதெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து தலையில் இறங்கியது. வீட்டைக் கொழுந்தன் மகனுக்கும் மருமகளுக்கும் எழுதி வைத்தால் கடைசிவரை கதவைத் தட்ட ஆள் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். பாசமும் உண்டுதான். கொஞ்சம் கயிறு போட்டுக் கட்டுகிற எண்ணமும் உண்டு.

விஷயத்தைக் கேட்டதும் மருமகள் சந்தோஷப்படவில்லை. கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டாள். எங்களுக்கு எதுக்கு இதெல்லாம் என்றாள். பிறகு மெதுவாக, "வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் அவள் இறங்கிப் போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் மாடியிலேயே தங்கிவிட்டது. வேறு யாருக்கும் தெரியாவிட்டால் என்ன வசதி? யாருக்கு வசதி?

மருந்துக்கடைக்காரர் மனைவியாக இருந்ததில் ஒரு கெடுதல் உண்டு. எந்தப் பொடி எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவர் ராச்சாப்பாட்டின்போது கதை கதையாகச் சொல்லியிருந்தார். வாசனை இல்லாதது, நிறம் இல்லாதது, கொஞ்சம் கசக்கும், அவ்வளவே. அடுத்த நாள் கீரை கசந்தது. கீரை என்றால் கசக்கும்தான், இருந்தாலும் அதை நாக்கில் வைத்து இரண்டு முறை சுவைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் படாத ஒன்று இப்போது உறுத்தியது. எனக்கு மட்டும் ஏன் தனி டப்பா?

அன்று அவள் உப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அதிலிருந்து மாத்திரைக்காரம்மாவுக்குப் பசி அப்புறம்தான் வரும் என்று ஆயிற்று. அப்புறம் சாப்பிடுகிறேன் என்று டப்பாவை வாங்கி வைப்பாள். மருமகள் போனதும் ஜன்னல் விளிம்பில் கொட்டிவிட்டுப் புறாக்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எது தள்ளாடுகிறது, எது பறக்க மறுக்கிறது என்று பார்ப்பாள். ஒன்றும் ஆகவில்லை. புறாக்கள் கொழுத்தன, அவள் இளைத்தாள். ரொட்டியும் பாலுமாக எத்தனை நாள் ஓட்டுவது? ஒருநாள் மாடிப்படியில் கண் இருட்டி, கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்தாள்.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது மருமகள்தான். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். சாப்பாடு கசக்கிறது என்றாள் இவள். யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். மாத்திரைக்காரம்மா கட்டில் பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். டாக்டரும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னார்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பட்டினிதான், வேறு எதுவும் கிடையாது என்று டாக்டர் திட்டி அனுப்பினார். ஆனால் மருமகளின் முகம் சுண்டிப்போனது சுண்டிப்போனதுதான்.

மறுநாளிலிருந்து மத்தியானம் வாசல் மணி அடிக்கும். கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. மருமகள் ஏற்பாடு செய்த ஓட்டல் பொட்டலம் ஒன்று கைப்பிடியில் தொங்கும், வாயில் பின் அடித்து, பில்லையும் சேர்த்துக் குத்தி. யாரும் பிரிக்கவில்லை, பார்த்துக்கொள் என்று அந்தப் பின் சொல்லாமல் சொல்லியது. கொழுந்தன் மகன் சாயங்காலம் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவான். பயமில்லாத சாப்பாடு கிடைத்துவிட்டது. அதைத் தின்றுகொண்டே மாத்திரைக்காரம்மா எதிர் மாடியின் பூட்டிய கதவைப் பார்த்தாள். நாளைக்கு நான் விழுந்தால் பொட்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதானே? பொட்டலத்தைப் பாதியிலேயே மடித்து வைத்தாள்.

கீழே இறங்கிப் போனாள். மருமகள் எழுந்து நின்று, வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல என்ன வேண்டும் என்று கேட்டாள். மேலே வரச் சொல்லி இவள் கெஞ்சினாள். கடையில் யாரும் பக்கத்தில் இல்லாததைப் பார்த்துக்கொண்டு மருமகள் குரலைத் தாழ்த்தினாள்.

"வீடு எங்களுக்குன்னு எழுதினப்புறம், நாளைக்கு நீங்க சும்மா தும்மிச் செத்தாக்கூட முதல்ல என் டப்பாவைத்தான் எடுத்து முகர்ந்து பாப்பாங்க. வேற யாருக்காவது தெரியுமான்னு அன்னிக்கே அதுக்குத்தான் கேட்டேன். எனக்குப் பயமா இருக்கு பெரியத்தை."

இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் நடுங்கியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டு. மாத்திரைக்காரம்மாவுக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

நேராக வக்கீல் பெண்ணிடம் போய், அவர்கள் பேரை எடுத்துவிட்டு வீட்டை இலவச ஆஸ்பத்திரிக்கு எழுதச் சொன்னாள். அவர்கள் ஏதாவது தொந்தரவு கொடுத்தார்களா என்று வக்கீல் பெண் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. அவ என்கூட உக்காந்து சாப்பிடணும். அதுக்குத்தான்."

இந்த முறையும் வாய் சும்மா இருக்கவில்லை, வேண்டுமென்றே. கண்ணாடிக் கடையில் முதலாளி, கண் பரிசோதிப்பவர், ஃபிரேம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, வீடு ஆஸ்பத்திரிக்குப் போகிறது, என் சொந்தக்காரர்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது என்று உரக்கச் சொன்னாள். மனைவியைக் கூட்டிப்போக வந்திருந்த கொழுந்தன் மகனின் முகம் சிறுத்தது. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. மருமகள் குனிந்து சில்லறையை அடுக்கினாள்.

மாடியேறும்போதுதான் புதுப் பயம் பிடித்தது. நாளைக்கு யாரும் வராவிட்டால்? இத்தனை வருஷம் வந்தது எதற்காக என்று தெரிந்துபோகுமே. அது தெரியாமலே செத்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் வாசல் மணி அடிக்கவில்லை. கைப்பிடியில் எதுவும் தொங்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மாத்திரைக்காரம்மா கதவைத் திறந்தே வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீழே கடைக் கதவு திறந்து மூடுவதெல்லாம் கேட்டது. படியில் காலடி எதுவும் இல்லை.

கடைசியில் செருப்புச் சத்தம் வந்தது. மருமகள் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, இன்று கடையில் கூட்டம் என்று மட்டும் சொன்னாள். இரண்டு டப்பாவையும் மேஜையில் வைத்தாள். தனி டப்பாவைத் திறந்து பெரியத்தை பக்கம் நகர்த்தினாள். கீரை. பிறகு தன் டப்பாவைத் திறக்காமல் இவள் கையையே பார்த்தாள்.

இப்போது கோபம் இருக்குமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. வீட்டைப் பிடுங்கிய கோபம், அதைவிட அந்த ஆஸ்பத்திரிப் பார்வையின் கோபம். விரல்கள் சோற்றைப் பிசைந்தபடியே நின்றுவிட்டன. மருமகளின் கண் கலங்கத் தொடங்கியது. மாத்திரைக்காரம்மா ஒரு பெரிய உருண்டையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கசந்தது.

"உப்பே இல்ல," என்றாள்.

மருமகள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் டப்பாவைத் திறந்தாள். "டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

பயம் போய்விடவில்லை. தொண்டையிலேயே நின்றது. மாத்திரைக்காரம்மா அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள்.