நிச்சயமாக அழைக்க வேண்டுமா?

"எப்பவும் என்னைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகள் எதிர் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு திரையைச் சோதித்துப் பார்க்கும்போது ஆள் தடுமாறினாலும் உதவக்கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக்கூடாது. செயலிகளின் திரைகளை வடிவமைக்கிற அவள் தொழிலில் அதுதான் முதல் பாடம். யாராவது தப்பான பொத்தானை அமுக்கினால் தப்பு அவர்மேல் இல்லை, திரைமேல்தான் என்று அலுவலகத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள்.

அப்பாவின் கைப்பேசியில் இருந்த இந்தத் திரையும் அவள் கைவேலைதான். அம்மா போன பிறகு அப்பாவுக்கென்றே செய்தது. நாலு பொத்தான் இருந்தால் மனுஷன் யோசிப்பார், ஒன்றே ஒன்று இருந்தால் அமுக்குவார் என்று தன் படத்தை மட்டும் பெரிதாக வைத்துக் கொடுத்தாள். அமுக்கித் தள்ளிவிட்டாரே! அவள் மீட்டிங்கில் இருக்கும்போது, குளிக்கும்போது, சில சமயம் சட்டைப் பையில் பட்டுத் தானாகவே. பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் ஒரு கேள்வியைச் செருகினாள். அதோடு அழைப்பு அடியோடு நின்றுபோனது. முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்புறம், தன் அறையில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் கண் கைப்பேசிக்கே போயிற்று. அவளாகக் கூப்பிட்டால் "நல்லாருக்கேன்மா" என்று சட்டென்று வைத்துவிடுவார். கோபமா, மறதியா? பயந்துபோய்த்தான் இன்றைக்கு ஓடிவந்திருக்கிறாள்.

அப்பா அவள் படத்தைத் தொட்டார். விரலில் தடுமாற்றமே இல்லை. கேள்வி வந்தது: நிச்சயமாக அழைக்க வேண்டுமா? கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். கொஞ்சம் யோசித்தார். 'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏம்ப்பா?"

"நீதானம்மா கேக்கற, நிச்சயமான்னு. எனக்கு அப்படி என்ன தலைபோற காரியம்? சும்மா பேசத்தானே."

"தினமும் இப்படித்தானா?"

"உன் படத்தைப் பாத்துட்டு வச்சுடுவேன்."

ஒரு கேள்வி கூடினாலும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற பாவி, பெற்ற அப்பாவையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். கைப்பேசியை வாங்கி அந்தக் கேள்வியைத் தூக்கினாள்.

"இப்போ தொடுங்க."

அவள் பைக்குள் மணி அடித்தது. எடுத்தாள். அப்பா எதிரே இருந்தவளைப் பார்க்கவில்லை; கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாப்டியாம்மா? வேலையா இருக்கியா?"

"இல்லப்பா, சொல்லுங்க."

"சாயங்காலம் ஆனா வீடு ரொம்ப..." என்று ஆரம்பித்தவர், எதிரே அவள் இருப்பது நினைவு வந்ததுபோல் நிறுத்தினார்.

அவள் சத்தமில்லாமல் எழுந்தாள். கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கப்பா."