புது வண்டிக்கு வந்த பாய்காசி

குல்யாஷ் அக்கா தொலைபேசியில் கேட்டது சின்னக் கேள்விதான். ஏணி உச்சியில் நின்று மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்த யெர்சாயினுக்கு ஏணியே சாய்வது போலிருந்தது.

"தம்பி, கல்யாண மண்டப வேலைக்கு வந்த வாட் வரிப் பணத்தத் தனியா எடுத்து வெச்சிருக்கீங்கல்ல? இந்த வாரம் கட்டணும்."

"எந்த வாட் பணம்க்கா?"

ஷிம்கெண்ட் நகரத்தில் பாதி சில்லறை ஒப்பந்தக்காரர்களுக்குக் கணக்குப் பார்ப்பவள் அவள். இந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமானதுதான்.

"வருமானம் வரம்பத் தாண்டிடுச்சு, இனி நீங்க வாட் வாங்கிக் கட்டணும்னு சொன்னேனே? தலைய தலைய ஆட்டுனீங்களே? பில்லுல கூலிக்கு மேல வாட்டைப் போட்டு நான்தான அனுப்பினேன். அந்த மண்டபத்துக்காரரும் மொத்தமா அனுப்பிட்டாரே!"

யெர்சாயின் ஏணியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

மண்டப வேலை முடிந்த அன்று அதன் முதலாளி கைரொல்லா, வாசலில் நின்ற இவனுடைய புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய வண்டிதான், இவனுக்குப் புதுசு. புதுப் பொருளைக் கண்டவர் பாய்காசி என்று ஏதாவது அன்பளிப்புக் கொடுக்காமல் போகலாமா? "உன் பாய்காசி என் பொறுப்புடா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். மறு வாரம் வங்கியில் பணம் விழுந்தது. பேசிய கூலியைவிட எவ்வளவோ அதிகம். பில்லைத் திறந்து பார்க்கும் வழக்கமெல்லாம் இவனுக்கு ஏது? ஒரே மகிழ்ச்சி. கைரொல்லாவைக் கூப்பிட்டு, அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஆடுமாடு வரைக்கும் வாழ்த்தித் தள்ளினான். அவரும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் பணத்தில்தான் மனைவி ஸவ்ரேக்கு முன்பல் கட்டினான். கட்டிய பல்லைக் கழற்றி வரி அலுவலகத்தில் வைக்க முடியுமா?

"சரி, பதறாதீங்க," என்றாள் குல்யாஷ். "கம்பி, சுவிட்ச் வாங்கின பில்லக் கொடுங்க. அதுல நீங்க கொடுத்த வாட்டைக் கழிச்சுக்கலாம். மிச்சத்த மட்டும் கட்டினாப் போதும்."

"பில்லு இல்லக்கா. சந்தையில மச்சான்கிட்ட வாங்கினேன். பில்லு வேணாம்னா விலை குறைச்சுக் கொடுத்தான்."

"நல்லா குறைச்சான் போங்க! அப்ப முழுசையும் கட்டுங்க. கட்டலன்னா கணக்கை முடக்கிருவாங்க. அப்புறம் எந்த வேலைக்கும் நயா பைசா எடுக்க முடியாது."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. புத்தி ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக மின்சார வேலை செய்யக் கூடாது. அதனால் வேலையை நிறுத்திவிட்டு வண்டியை மண்டபத்துக்கு ஓட்டினான். வழியெல்லாம் ஒரே பிரார்த்தனை: கொடுத்தது பாய்காசிதான், வரி வேறு கணக்கு என்று அந்த மனிதர் சொல்லிவிட வேண்டும்.

கைரொல்லா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அடப்பாவி! அது உன் பில்லுல இருந்த வாட்டுடா. அதை நான் என் வரியில கழிச்சும் முடிச்சாச்சு. என் கையவிட்டு ஒரு டெங்கே காசுகூடப் போகல."

"அப்ப நான் வாழ்த்தினப்ப சும்மா கேட்டுக்கிட்டீங்களேண்ணே?"

"பணம் சீக்கிரம் போட்டதுக்கு வாழ்த்துறேன்னு நெனச்சேன். ஆட்டையெல்லாம் வாழ்த்துனியே, அப்பவே கொஞ்சம் இடிச்சுது."

யெர்சாயின் தலை நிமிரவில்லை. மண்டபத்தில் அடுத்துப் பேசியிருந்த மாடி வேலைக்கு முன்பணம் கேட்டான். வாழ்நாளில் யாரிடமும் அவன் முன்பணம் கேட்டதில்லை. அவர் யோசித்துவிட்டு, நாளைக்கே போடுவதாக ஒப்புக்கொண்டார். அதை வைத்து வரி கட்டிவிடலாம். மாடி வேலையைப் பாதிக்கு மேல் சும்மா செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது கைரொல்லா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, பாய்காசிய நெசமாவே மறந்துட்டேனே!" சட்டைப்பையைத் துழாவி, கசங்கிய நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "வண்டி ராசியா ஓடட்டும்."

பாய்காசியை மறுப்பது மரியாதையில்லை. வாங்கிக்கொண்டான். ஒரு தடவை பெட்ரோல் போட அது போதும்.

பணம் போனதைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். வேலையை மெச்சி ஒரு மனிதர் அள்ளிக் கொடுத்தார் என்று இத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தானே, அதுதான் தாங்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டில் ஸவ்ரேயின் அக்கா வந்திருந்தாள். தேநீரும் பொரித்த ரொட்டியும் மேசையில் இருந்தன. ஸவ்ரே பல்லைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவரு வேலையப் பாத்து அசந்துபோய் அந்த மனுஷன் அள்ளிக் கொடுத்துட்டாருக்கா! இந்த ஊர்ல எந்த எலக்ட்ரீசியனுக்கு யாரு கொடுத்திருக்கா?"

அக்கா நம்பவில்லை. "யாருடி இந்தக் காலத்துல பாய்காசின்னு இவ்ளோ கொடுக்கிறது? கதை விடாத."

"நம்பலன்னா அவரையே கேளு! ஏங்க, நீங்களே சொல்லுங்க. மண்டபத்துக்காரரு பாய்காசி கொடுத்தாரா இல்லையா?"

இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். யெர்சாயின் பைக்குள் கையை விட்டு அந்த நோட்டைத் தொட்டுக்கொண்டான்.

"கொடுத்தாரு," என்றான்.