தொமோவின் குரலும் ஒரு பை பழைய கெப்பாசிட்டரும்

ஒசாகாவில் என் கடைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பழைய கேசட் ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பவன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் செய்வது ஒரே வேலைதான். காய்ந்தும் கசிந்தும் போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைப்பேன். கதவில் ஒரு பலகையும் உண்டு: ‘இங்கே மாற்றினால் இருபது வருடம் கவலை இல்லை.’ என் மனைவி அதைப் படிக்கும்போதெல்லாம், “கல்யாணத்துக்கும் இப்படி ஒரு பலகை மாட்டியிருக்கலாம்ல?” என்பாள்.

நிஷிவாக்கி என்ற பெரியவர் துணியில் முடிந்த ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்தார். இரண்டு ஸ்பீக்கர் வைத்த பழைய கேசட் ரேடியோ.

“தம்பி, இது பாடுறத விட்டுட்டு முனகுது. போன வாரம் அதுவும் நின்னுபோச்சு. உள்ள இருக்கிற கேசட்ல என் பையன் பேசியிருக்கான். வீட்டுக்காரிக்குப் பொறந்தநாள் வருது. புதுசு மாதிரி ஆக்கிக் குடு.”

“பையன் இப்ப எங்க இருக்காரு?”

“ஏழு வயசுல போயிட்டான். சிறுநீரகம்.”

என் வாய் எப்போதும் என் கையைவிட வேகமாக வேலை செய்யும். அசடு வழிய, பெட்டியைத் திருப்பித் திருகாணியைத் தேடுவதுபோல் நடித்தேன்.

“நான் கேக்கறதில்ல,” என்றார் அவர். “அவதான் மத்தியானமானா சமையலறையில போட்டுக் கேப்பா. நான் நடக்கப் போயிடுவேன்.”

திறந்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிப் பலகையில் ஒரு கெப்பாசிட்டர் கசிந்து, செம்புத் தடத்தையே தின்றிருந்தது. தடத்தைக் கம்பியால் இணைத்து ஓடவைத்து வேகத்தைச் சோதித்தேன். நத்தைக்குச் சளி பிடித்த மாதிரி ஓடியது. இதை எப்படித்தான் கேட்டார்களோ என்று சிரித்துக்கொண்டேன். எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றினேன், ரப்பர் பட்டையை மாற்றினேன், சோதனை நாடாவைப் போட்டு வேகத் திருகை மயிரிழை பிசகாமல் நிறுத்தினேன். பிறகு அந்தக் கேசட்டைப் போட்டேன்.

மூக்கால் பேசும் ஒரு சிறுவன், எங்கள் பக்கத்து ‘நான்காய்’ ரயில் கம்பெனியின் கார்டு மாதிரி நிலையங்களை அறிவித்துக்கொண்டிருந்தான். “அடுத்தது ஷிச்சிதோ, ஷிச்சிதோ. குடையை மறந்துவிட வேண்டாம்.” நடுவே ஒரு சிரிப்பு. தூரத்தில் ஓர் இளம்பெண்: “தொமோ, சோறு ஆறுதுடா.” கண்ணாடி மாதிரித் தெளிவு. நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

பிறந்தநாளன்று பெரியவரும் அவர் மனைவி சயோகோ அம்மாளுமாக வந்தார்கள். நான் வயிற்றை இழுத்துக்கொண்டேன்.

“என் பொருளையே திருடி எனக்கே பரிசாக் குடுக்கிற ஆளு இவருதான், தம்பி,” என்றார் சயோகோ அம்மாள். “பழுதாகிப் போச்சுன்னு அழுதுட்டிருந்தேன், ரிப்பேருக்குன்னு சொல்லியிருந்தா என்னவாம்?”

பொத்தானை அழுத்தினேன். ஷிச்சிதோ வந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அந்த அம்மாளின் சிரிப்பு மெல்லக் கீழே இறங்கியது.

“இது யாரு?”

“தொமோதான், அம்மா.” கூப்பிடப் பிள்ளை இல்லாத வீட்டிலும் அவர்கள் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றே அழைத்துக்கொண்டார்கள்.

“இல்ல அப்பா. தொமோவுக்குக் குரல் உடைஞ்சு ரொம்ப வருஷமாச்சு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “மோட்டார் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகியிருக்கும்மா,” என்றேன். “மெதுவா ஓடினா குரல் தடிச்சுரும்.”

“அது தெரியாத முட்டாளா நான்? மிஷின் கெட்டுப்போகுதுன்னு தெரியும். ஆனா மொதல்ல பெரிய வகுப்புப் பையனாட்டம் பேசினான். அப்புறம் மீசை மொளைச்ச குரல். கடைசியில நெசமாவே கார்டாயிட்டான். நான்காய்ல வேலைக்குச் சேந்துட்டான்னு நெனச்சுக்குவேன். என் குரலும் கூடவே கெழவியாகிட்டு வந்துச்சா, வித்தியாசமே தெரியல.”

கழற்றிய பாகங்களை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவற்றைப் போட்டு மேசைமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பையைச் சயோகோ அம்மாள் தொட்டார்.

“இதையே திருப்பி மாட்டிக் குடேன்.”

“அதெல்லாம் செத்துப்போச்சும்மா.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? “ஆனா வேகத்தைக் குறைக்கலாம். இருங்க.”

மெல்லிய திருப்புளியை உள்ளே விட்டுத் திருகினேன். தொமோவுக்குப் பத்து வயதானது, பதினைந்தானது, குரல் கரகரத்து இருபதைத் தாண்டியது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் ஆளாகிவிட்டான்.

“நிறுத்து.”

“இந்த எடத்துலயா?”

“எங்கயும் வேணாம். அவன் தானா வளந்தான். இப்ப நீ முறுக்குற.”

திருப்புளியை வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

தொப்பிக்குள்ளிருந்தே பெரியவர் பேசினார். “அம்மா, அந்த ஏழு வயசுலயே விட்டுடேன். எனக்குத் தெரிஞ்சது அவனத்தான். நீ வளத்த பெரியவன எனக்குத் தெரியாது. அந்தக் குரலக் கேட்டாப் பயமா இருந்துச்சு, அதான் நடக்கப் போனேன்.”

சயோகோ அம்மாள் கணவரின் முகத்திலிருந்து தொப்பியை இறக்கினார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்,” என்றார். பிறகு என்னிடம், “ஏழுலயே வெச்சுடு, தம்பி. மத்தியானம் இவரும் கேக்கட்டும்.”

சோதனை நாடாவைப் போட்டு, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். சரியாக இருக்கிறது என்று கருவி சொன்னது. ஒரு சரியான அளவின்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சயோகோ அம்மாள் பிளாஸ்டிக் பையைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். கதவருகே நின்று திரும்பினார்.

“இது மறுபடி மெதுவாக எத்தன வருஷம் ஆகும்?”

யார் கேட்டாலும் மார்தட்டிச் சொல்லும் பதில், யோசிக்கும் முன்பே வாயில் வந்து விழுந்தது. “நல்ல சரக்கு போட்டிருக்கேன். இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

“இருபது,” என்றார் அவர். கதவில் மாட்டியிருந்த பலகையை ஒருமுறை படித்தார். “அதுவரைக்கும் நான் இருக்கணுமே.”

கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்கினார். கடையில் இடம் நிறைய இருந்தது. நான் வயிற்றை இழுத்துப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.