வண்டி என்னுடையது, பின்சீட்டும் என்னுடையது

எங்கள் குழுவுக்குப் "புயல் சக்கரங்கள்" என்று பெயர். மொத்தம் பன்னிரண்டு வண்டிகள், எல்லாம் நூற்றுப்பத்து சிசி, நூற்றிருபத்தைந்து சிசி. சந்தைக்குக் கீரை ஏற்றிப் போகிற வண்டிகள்தான். ஏறுகிறவர்கள் மட்டும் முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், பளபளக்கும் மேலங்கி, தேசியக் கொடிபோல் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட சிவப்புச் சட்டை என்று போருக்குப் போகிற கோலத்தில் இருப்பார்கள். ஹானோயிலிருந்து வடக்கே ஹா ஜாங் மலைக்குப் போய் வர இத்தனை கவசம். அந்த மலைக்காரர்கள் அதே வண்டியில் உயிருள்ள பன்றியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, எங்களைத் தாண்டிப் போவார்கள்.

குழுவில் இரண்டே சாதி. முன்னால் இருப்பவன் ஓட்டி. பின்னால் இருப்பவள் கட்டிக்கொள்கிறவள். நான் கிண்டலுக்கு வைத்த பெயரில்லை. எங்கள் ஊரில் பயணக் குழுக்களில் அந்த இடத்துக்கு அதுதான் பெயர். யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தலைவர் பட்டியல் போடுவார்.

நான் விண்ணப்பத்தில் "ஓட்டி" என்று எழுதியிருந்தேன். சொந்த வண்டி, உரிமம், ஆறு வருட ஓட்டம். பட்டியல் வந்தபோது நான் கட்டிக்கொள்கிறவளாகியிருந்தேன். தலைவர் தொவானைக் கூப்பிட்டேன்.

"பொண்ணுங்க முன்னால உட்காந்தா வரிசை குலைஞ்சிடும் தங்கச்சி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் வண்டி என்னண்ணே ஆகும்?"

"அதான் நல்ல சேதி. குயெத்தோட வண்டி பட்டறையில இருக்கு. உன் வண்டிய அவன் ஓட்டுவான், நீ பின்னால. யாருக்கும் நஷ்டமில்ல பாரு."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆடைத் தொழிற்சாலையில் எண்பது பேருடைய தையலைச் சரிபார்க்கிறேன். கோணல் தையலைக் கண்டால் பிரித்துப் போடச் சொல்கிற வாய் எனக்கு. அந்த வாய் அன்று ஏன் அடங்கியது என்றால், எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஹா ஜாங்கின் மா பி லெங் கணவாயை என் கையால் ஓட்டிக் கடக்க வேண்டும். தனியாகப் போகிறேன் என்றபோது அம்மா மூன்று நாள் தொலைபேசியில் அழுதாள். குழுவாக என்றதும் அழுகை நின்றது. அதனால் தொவானிடம் பேரம் பேசினேன். கணவாய் வரைக்கும் குயெத், கணவாயில் நான்.

"சரி சரி, கணவாய்ல நீயே ஓட்டு," என்றார். குழந்தைக்கு மிட்டாய் தருகிறேன் என்று சொல்கிற குரல்.

குயெத் நல்ல பையன். இதைச் சொல்லிவிட வேண்டும். வங்கியில் வேலை, இருபத்தெட்டு வயது, யாரையும் அடித்ததில்லை. ஆனால் கியர் வைத்த வண்டியை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. ஹானோயில் அவன் ஓட்டியதெல்லாம் முறுக்கினால் போகிற தானியங்கி ஸ்கூட்டர். ஆண்பிள்ளை அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? முதல் சிக்னலிலேயே நாலாம் கியரில் கிளம்பினான். வண்டி காக்காய் வலிப்பு வந்ததுபோல் உதறியது.

"கியரக் குறைச்சுட்டுக் கிளம்புங்கண்ணே."

"வண்டி மக்கர் பண்ணுது தங்கச்சி. நீ சரியா பாத்துக்கறதில்ல."

சமவெளியில் இது வேடிக்கை. இரண்டாம் நாள் யென் மின் ஊருக்குப் போகிற இறக்கத்தில் வேடிக்கை முடிந்தது. நாலாம் கியரிலேயே இரண்டு பிரேக்கையும் கெட்டியாகப் பிடித்தபடி இறங்கினான். மூன்றாவது வளைவில் கருகல் நாற்றம். நான்காவது வளைவில் பிரேக் மிதி தொளதொளவென்று போய்விட்டது.

"தங்கச்சி, பிடிக்க மாட்டேங்குது."

"கியரக் குறைங்க!"

"எது கியரு?"

"இடது கால்! குதிகாலால பின்பக்கம் மிதிங்க!"

நுனிக்காலால் முன்பக்கம் மிதித்தான். திரும்பத் திரும்ப மிதித்தான். வலது பக்கம் சாலை முடிகிற இடத்தில் தடுப்புக்கூட இல்லை. கீழே யாரோ ஒருவருடைய சோளக்கொல்லை, வெகு கீழே. நான் இடது காலை நீட்டி, அவன் காலணிக்குப் பின்னால் இருந்த மிதியை என் குதிகாலால் ஓங்கி இடித்தேன். மூன்றாம் கியர். இன்ஜின் அலறியது. இன்னொரு இடி. இரண்டு. அவன் தோளைப் பிடித்து மலைப்பக்கமாக அழுத்தினேன். சாலை போட வைத்திருந்த ஜல்லிக் குவியலில் முன்சக்கரம் புதைந்து நின்றோம்.

முதுகில் தீவனக்கட்டோடு ஹ்மொங் என்கிற மலைச்சாதிப் பெண் ஒருத்தி ஓரமாக நின்று பார்த்தாள். புகைகிற சக்கரத்தைப் பார்த்தாள், குயெத்தின் நான்கு கவசங்களையும் பார்த்தாள், அப்புறம் கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தாள்.

சாலையோரத்திலேயே தலைவர் நீதிமன்றம் கூட்டினார்.

"ஓட்டி ஓட்டறப்போ கட்டிக்கிறவ காலை நீட்டக் கூடாது. விதியில இருக்கு."

"நீட்டலைன்னா ரெண்டு பேரும் கொல்லையில கெடந்திருப்போம்."

"அவன் சமாளிச்சிருப்பான். நீ பதறி அவனையும் பதற வெச்சுட்ட. ராத்திரிச் சாப்பாட்டுல எல்லாருக்கும் ஒரு பாட்டுப் பாடு, தண்டனை அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கணவாய்ப் பேச்சையும் விட்டுடு. இவ்ளோ பதறுறவ கையில கணவாய்ல வண்டியக் குடுக்க முடியாது."

குயெத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் போதும். அவன் கவசத்தின் பட்டையைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

சாவியை உருவினேன்.

"இனிமே நான் ஓட்டுறேன். குயெத், நீ பின்னால ஏறு. இல்லன்னா வேற யார் வண்டியிலயாவது ஏறிக்கோ."

வேறு எந்த வண்டியிலும் இடமில்லை. எல்லாவற்றிலும் ஓர் ஓட்டியும் ஒரு கட்டிக்கொள்கிறவளும் இருந்தார்கள். பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு குயெத் ஏறினான். பின்கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டான். இரண்டு வளைவு தாண்டியதும் என் இடுப்புப் பட்டை, நான்காவது வளைவில் என் இடுப்பு. அடுத்த வண்டியில் பின்னால் இருந்த லாம் கத்தினாள்.

"அண்ணே, நல்லா கட்டிக்கோங்க, பறந்துடப் போறீங்க!"

அவளுடைய ஓட்டி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை கணவாய். குயெத் முகமூடியைக் கண்வரை ஏற்றி, ஹெல்மெட் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தான். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைகூட இவ்வளவு வெட்கப்பட மாட்டான். பாதிக் கணவாயில், குழு நின்று படம் எடுக்கிற வளைவுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, என் தோளைத் தட்டினான்.

"லுவா, நிறுத்தேன்."

நிறுத்தினேன்.

"இங்கேருந்து நான் ஓட்டிட்டுப் போறேன். அவங்க படம் எடுக்கற வளைவுல போய் நிக்கற வரைக்கும்தான். அப்புறம் நீயே எடுத்துக்கோ."

"நேத்து ஏன் வாயத் தொறக்கல நீ?"

"என்ன சொல்லச் சொல்ற? கியரு தெரியாதுன்னா? தொவான் அண்ணன் சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு. அரைக் கிலோமீட்டர்தானே லுவா? உனக்கு அதுல என்ன போகுது?"

அவன் குரல் உண்மையிலேயே கெஞ்சியது. எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அவன் கேட்ட அரைக் கிலோமீட்டர்தான் கணவாயின் உச்சி. அதற்குத்தான் நான் வந்தேன்.

"முடியாது. உட்காந்துட்டு வர்றதுன்னா வா."

இறங்கினான். விளையாட்டுக்கு இறங்குகிறான் என்று நினைத்தேன். கவசங்கள் கிறீச்சிட மேட்டில் நடக்க ஆரம்பித்தான். பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து வருவது படத்தில் விழுவதைவிட, நடந்தே போய்ச் சேர்வது மேல் என்று கணக்குப் போட்டிருந்தான். அவனைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேன். கையை ஆட்டிப் போகச் சொன்னான்.

போனேன். இரண்டாம் கியர். கீழே ஆறு பச்சையாக, நூலாக. படம் எடுக்கிற வளைவில் தொவான் கொடியோடு நின்றார். தலைவருடைய வண்டியை யாரும் தாண்டக் கூடாது என்பது முதல் விதி. அவர் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். வளைவு திரும்பியதும் விசில் கேட்கவில்லை.

மெயோ வாக் ஊரில் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து கைபேசியில் குழுவின் பக்கத்தைத் திறந்தேன். அதற்குள் பதிவு வந்திருந்தது. "கட்டிக்கொள்கிறவள் ஒருத்தி, தன் ஓட்டியை மலையில் தவிக்கவிட்டு ஓடிவிட்டாள். இனி உறுப்பினர்களை விசாரித்துச் சேர்ப்போம்." கீழே யார் யாரோ முந்நூறு பேர் என்னைக் காறித் துப்பியிருந்தார்கள். லாம் மட்டும் கேட்டிருந்தாள்: "வண்டி அவளுடையதுதானே?" நான் நூடுல்ஸ் சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வியை அழித்துவிட்டார்கள்.

கடைக்காரி கிண்ணத்தை எடுக்க வந்தாள்.

"தனியாவா வந்த?"

"ஆமாக்கா. பின்சீட்டு காலியாத்தான் இருக்கு."

"அப்ப என் அரிசி மூட்டைய கீழத்தெரு வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டுடறியா?"

ஏற்றிக்கொண்டேன். மூட்டை வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.